ஒரு வாய்க்கால் வரம்பின் வரலாறு

பண்டை மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எதற்காகப் போரிட்டனர், எதனை நினைந்து அஞ்சினர் என்பவற்றை அறிய விழைவோர் பெரும்பாலும் பேரரசுகளையே நாடிச் செல்வர். எகிப்தியரின் பிரமிட்டுகளும் உரோமரின் படையெடுப்புகளும் அசீரிய மன்னரின் அரண்மனைகளும் கண்ணைப் பறிப்பன. பாடநூல்களிலும் அவற்றுக்கே முதலிடம். ஆயினும் பழைய உலகத்தின் உள்ளத்தை நெருங்கிப் பார்ப்பதற்கு ஒரு பேரரசினும் ஒரு காணிச் சண்டையே நல்ல வாயில் என்பது என் எண்ணம். வேலிக் கதியால் ஒரு முழம் நகர்ந்ததென்று மூன்று தலைமுறைக்கு வழக்காடும் குடும்பங்களை அறிந்த நம் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான் இங்கு எடுத்துக்கொண்டது, இற்றைக்கு ஏறக்குறைய நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஈராக்கின் தென்பாகத்திலே, லகாஷ், உம்மா என்னும் இரு சுமேரிய நகர அரசுகளிடையே எழுந்த எல்லைப் பிணக்கு. ஒன்றிலிருந்து புறப்பட்டவன் ஒரே நாள் நடையில் மற்றதன் நிலத்தை அடைந்துவிடலாம். அவ்வளவு அயல். இரு சாராரும் பேசிய மொழி ஒன்று. வணங்கிய தெய்வக் கூட்டம் ஒன்று. உண்ட உணவும் ஒன்று. இருந்தும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்தனர். காரணமும் போரும் உடன்படிக்கையும் எழுத்திலே இவ்வளவு விரிவாகக் கிடைத்துள்ள போர்களுள் இதற்கு மூத்தது வேறில்லை.

இக்கதை நமக்குக் கிடைத்தது ஒரு தற்செயல். 1877ஆம் ஆண்டில், பஸ்ராவிலே பிரான்சிய துணைத் தூதுவராயிருந்த ஏணஸ்ட் டி சார்செக் என்பவர், தெல்லோ என்னும் மண்மேட்டை அகழத் தொடங்கினார். லகாஷ் அரசின் புனித நகராகிய கிர்சு அந்த மேட்டினடியிலே கிடந்தது. அதற்கு முன் சுமேரியர் என்றொரு மக்கள் இருந்தனர் என்பதையே ஐயுற்ற அறிஞர் உளர். அம்மொழி பாபிலோனியப் பூசகர் தம் மறைபொருளைப் பிறர் அறியாதிருக்கப் புனைந்த கள்ள எழுத்தே என்று ஜோசப் ஹலேவி என்பார் நெடுங்காலம் வாதிட்டார். தெல்லோவின் கற்சிலைகளும் களிமண் ஏடுகளும் வெளிப்பட்ட பின்னர் அவ்வாதம் நிற்க இடமில்லாது போயிற்று.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். தைகிரிஸ், யூபிரட்டீஸ் என்னும் இரு நதிகளின் கீழ்ப்பாகத்திலே மழையை நம்பி உழுதவன் பட்டினி கிடப்பான். நதிகளோ பயிருக்கு நீர் தேவைப்படும் விதைப்புக் காலத்திலே மெலிந்து, கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும் இளவேனிலிலே பெருக்கெடுப்பன. ஆகவே வாய்க்கால் வெட்டவும், அணை கட்டவும், வெட்டிய வாய்க்காலை ஆண்டுதோறும் தூர் வாரவும் ஆயிரம் கைகள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. மேல்மடையில் இருப்பவன் நீரை மறித்தால் கீழ்மடையில் இருப்பவன் கெட்டான். உம்மா மேல்மடையில் இருந்தது. லகாஷ் கீழ்மடையில் இருந்தது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னே வருவனவற்றுட் பாதி தானே விளங்கும்.

இரு நாட்டுக்கும் இடையிலே குவெதெனா என்னும் வளமான வெளி கிடந்தது. பெயருக்குப் பாலைவெளியின் விளிம்பு என்பது பொருள். லகாஷ் மக்கள் அதனைத் தம் தெய்வமாகிய நின்கிர்சுவின் அன்புக்குரிய வயல் என்றனர். உம்மாவின் தெய்வம் ஷாரா. அவர்தம் கருத்தின்படி நிலம் மன்னனுடையதன்று, குடியானவனுடையதுமன்று, தெய்வத்தினுடையது. மன்னன் அதன் காரியத்தர் மட்டுமே. ஆகவே எல்லையை மீறியவன் அயலவனுக்கு அன்றித் தெய்வத்துக்கே தீங்கிழைத்தான் என்றாகிறது. தேவர்களுக்கெல்லாம் தந்தையாகிய என்லில் ஆதியிலே நின்கிர்சுவுக்கும் ஷாராவுக்கும் எல்லை வகுத்துக் கொடுத்தான் என்றும், அவ்வாக்கின்படி கீஷ் நகரத்து மன்னன் மெசிலிம் நூல் பிடித்து நிலத்தை அளந்து எல்லைக்கல் நாட்டினான் என்றும் லகாஷ் மன்னரின் சாசனம் தொடங்குகிறது. மெசிலிம் வாழ்ந்தது கி. மு. 2550 அளவில். இரு சாராருக்கும் பொதுவான ஒரு பெரியவரை அழைத்து நிலத்தை அளப்பித்த செயலாகவே நான் இதனைக் காண்கிறேன்.

அளந்து வைத்த கல் நெடுநாள் நிற்கவில்லை. உம்மாவின் தலைவன் ஊஷ் என்பவன் அதனைப் பெயர்த்தெறிந்து லகாஷின் வெளியுட் புகுந்தான். கி. மு. 2450 அளவில் லகாஷை ஆண்ட ஏயன்னாத்தும் அதற்குப் பழி வாங்கினான். அவ்வெற்றியின் நினைவாக நாட்டிய கல்லே இன்று பாரிஸ் நகரத்து லூவர் நூதனசாலையில் உள்ள புகழ்பெற்ற கழுகுக் கல். துண்டு துண்டாகக் கிடைத்தவற்றைப் பொருத்தி, ஏறக்குறைய 1.8 மீற்றர் உயரமாக நிறுத்தியிருக்கின்றனர்.

அக்கல்லின் ஒரு முகத்திலே மன்னன் படையை நடத்துகிறான். தலைச்சீரா அணிந்த வீரர் நெருங்கி நின்று, ஆளுயரப் பலகைகளை ஒன்றோடொன்று முட்டப் பிடித்து, அவற்றின் இடைவெளிகளில் ஈட்டிகளை நீட்டியவாறு, வீழ்ந்த பிணங்களின்மீது மிதித்து வருகின்றனர். கிரேக்கரின் நெருக்க அணிவகுப்பைப் பெரிதாகப் பேசும் நாம், அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட இவ்வணியைக் கண்டு திகைக்கவே வேண்டும். தனிவீரர் தம் மனம்போல் மோதிய கூட்டமன்று இது. பழக்கி எடுத்த படை. கீழ்வரிசையில் மன்னன் வண்டியில் நிற்கிறான். மேலே, கல்லின் உச்சியில், வெட்டுண்ட தலைகளைக் கழுகுகள் கவ்விப் பறக்கின்றன. ஓரிடத்தில் இறந்த வீரரை அடுக்கி, கூடையிலே மண் சுமந்து ஏறி, மேடு எழுப்பும் மாந்தரைக் காணலாம். இப்படத்தை முதன்முதல் கண்டபோது என் கண் மன்னனிடத்திலோ கழுகுகளிடத்திலோ தங்கவில்லை. மண்கூடை சுமந்த அம்மனிதரிடத்திலேயே தங்கியது. வாய்க்கால் வெட்டப் பழகிய அதே கூடை, அதே தோள்.

மற்றைய முகம் முற்றிலும் வேறான உலகம். அங்கே மன்னனுமில்லை, படையுமில்லை. நின்கிர்சுவாகிய தெய்வம் பேருருவாக நின்று ஒரு வலையைப் பிடித்திருக்கிறது. உம்மாவின் வீரர் மீன்கள் போல அவ்வலையுள் நெளிகின்றனர். கண்ணிக்கு வெளியே தலை நீட்டிய ஒருவனைத் தெய்வம் கதையால் மோதுகிறது. ஒரே போர், இரு முகங்கள். மனிதர் கண்ணுக்குத் தோன்றியது ஒரு பக்கம். உண்மையில் நிகழ்ந்தது என்று அவர்கள் நம்பியது மறுபக்கம். பண்டை மக்கள் எவ்வாறு சிந்தித்தனர் என்று வினவுவோர்க்கு இதனினும் தெளிந்த விடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போர் முடிந்ததும் சத்தியம் வாங்கினர். உம்மாவின் தலைவன், எல்லையை இனி மீறேன் என்று, என்லில் முதலிய பெருந்தெய்வங்கள் ஒவ்வொன்றின் வலைமீதும் தனித்தனியே ஆணையிட்டான். மீறினால் அந்த வலை அவனுடைய நகரத்தின்மேல் விழ வேண்டும். ஒவ்வொரு ஆணைக்கும் சாட்சியாக ஏயன்னாத்தும் இரண்டு புறாக்களைக் கண்ணுக்கு மை தீட்டித் தெய்வங்களின் கோயில்களுக்கு அனுப்பினான் என்று அக்கல் கூறுகிறது. அம்பு தன்மீது பாய்ந்து தான் துன்புற்றதையும் அவன் மறைக்கவில்லை. எல்லை வாய்க்காலை வெட்டி, மெசிலிமின் பழைய கல்லை மீண்டும் நிறுத்தி, ஏறக்குறைய 1,290 மீற்றர் அகலமான ஒரு நிலத்துண்டை உடையவரற்ற நிலமாக விட்டான்.

அதன்பின் வந்தது கடன். நின்கிர்சுவின் வயலில் விளைந்த பார்லியை உம்மா மக்கள் வட்டிக்குப் பெற்று உண்டனர் என்கிறது லகாஷின் கணக்கு. வட்டிக்கு வட்டி ஏறி அது நின்ற தொகையைக் கூறினால், இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் பார்லியும் போதாது. இத்தகைய கணக்கை எழுதியவன் அதனை உண்மையிலேயே அறவிட எண்ணினானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுக்க முடியாத கடனைக் காட்டிக்கொண்டிருப்பது ஓர் ஆயுதம். மறுதலையாக, உம்மாவின் தலைவன் ஊர்லும்மா கடனை இறுக்காமல், வாய்க்கால் நீரைத் திருப்பி, எல்லைக் கற்களுக்குத் தீயிட்டு, வாய்க்கால் கரையிலிருந்த தெய்வ மாடங்களையும் இடித்துவிட்டு, அயல்நாட்டவரையும் துணைசேர்த்துக்கொண்டு படையெடுத்தான். ஏயன்னாத்துமின் தம்பி மகனாகிய என்மெத்தெனா (முன்னாளில் எந்தெமெனா என்று வாசிக்கப்பட்ட பெயர் இதுவே) அவனைத் துரத்தி, உம்மாவினுள்ளேயே வைத்துக் கொன்றான். தோற்றோடியவன் அறுபது வண்டி விலங்குப் பூட்டுகளை வாய்க்கால் கரையிலே கைவிட்டானாம். அவனுடைய ஆட்களின் எலும்புகள் வெளியெங்கும் சிதறிக் கிடந்தனவாம்.

அவ்வண்டிகளைப் பற்றி ஒரு சொல். திண்ணிய பலகைச் சில்லுகள் நான்கு பூட்டிய பாரமான வண்டிகள் அவை. குதிரை அப்போது அந்நாட்டுப் போர்க்களத்துக்கு வரவில்லை. வண்டிகளை இழுத்த விலங்கு எது என்பது நெடுங்காலம் வழக்காயிருந்தது. சிரியாவின் வடபாகத்திலே கிடைத்த எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், பெண் கழுதையையும் காட்டுக் கழுதையையும் கலந்து மனிதர் வேண்டுமென்றே தோற்றுவித்த கலப்பினம் ஒன்று அக்காலத்தில் இருந்ததென 2022ஆம் ஆண்டில் நிறுவினர். ஏடுகளிலே குங்கா என்று பெயர் பெற்று, சாதாரண கழுதையினும் பலமடங்கு விலை போன விலங்கு அதுவே என்று கருதுகின்றனர். மனிதர் ஆராய்ந்து உண்டாக்கிய கலப்பினங்களுள் நாம் அறிந்தவரை மிகப் பழையது, போர் வண்டி இழுக்கவே பயன்பட்டது.

என்மெத்தெனா வெற்றி பெற்றும் தொல்லை தீரவில்லை. ஊர்லும்மாவுக்குப் பின் உம்மாவின் தலைமையைப் பற்றிய ஈல் என்பவன் மீண்டும் நீரை மறித்தான். எல்லை வாய்க்காலே தன்னுடையதென்றான். உம்மாவின் தயவை நாடியிருப்பதால் பயனில்லை என்று கண்ட என்மெத்தெனா தைகிரிஸ் நதியிலிருந்தே புதிய கால்வாய் வெட்டிக்கொண்டான். நீர் தாராளமாகப் பாய்ந்தது. தாராளமாகப் பாய்ந்த நீர் நிலத்தடி நீரை உயர்த்தி, உப்பை மேலே கொணர்ந்து, காலப்போக்கில் அவ்வயல்களைக் கெடுத்தது என்று தோர்கில்ட் ஜேக்கப்சன், ரொபேட் அடம்ஸ் ஆகிய இருவரும் 1958இல் எழுதினர். அம்முடிவைப் பின்வந்தோர் சிலர் மறுத்துமுள்ளனர். ஆயினும் பகைவனிடம் நீர் கேட்க மனமின்றி வெட்டிய கால்வாயே நிலத்துக்கு நஞ்சாயிற்றோ என்ற ஐயம் எளிதில் நீங்குவதன்று.

அம்மன்னனின் எல்லைத் தூண் ஒன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் நூறாண்டுகளுக்கு மேலாக வாசிக்கப்படாமலே கிடந்தது. அதனை வாசித்த ஏர்விங் ஃபிங்கல் சுவையான செய்தியொன்றைக் கண்டார். 2018இல் அத்தூண் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது. நின்கிர்சுவின் பெயர் வருமிடமெல்லாம் எழுத்து அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பகைவரின் தெய்வமாகிய ஷாராவின் பெயரை மட்டும் எழுதியவன் வேண்டுமென்றே கிறுக்கி வைத்திருக்கிறான்! சட்டாம்பிள்ளையின் பெயரைச் சுவரிலே கோணலாக எழுதும் மாணவனை நான் நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் இதுவரை கூறிய அனைத்தும் பெரும்பாலும் லகாஷின் வாய்மொழி. வழக்கிலே ஒருபக்கத்தான் எழுதிவைத்த முறைப்பாடு. உம்மாவின் பக்கத்தில் நமக்குக் கிடைத்தவை சொற்பம். அவற்றுள் ஒன்றிலே உம்மாவின் தலைவன் கீஷாகிது, பழைய கற்களின்படியே ஷாராவின் எல்லையைத் தான் நிலைநிறுத்தியதாகச் சொல்கிறான். அவனும் பொய் சொல்வதாக எண்ணவில்லை போலும். லகாஷைப் போலவே உம்மாவின் மேடும் ஆரம்பத்திலேயே முறையாக அகழப்பட்டிருந்தால், நம் பாடநூல்களிலே வில்லனும் வீரனும் இடம் மாறி நின்றிருத்தலும் கூடும்.

சுமேரியரைப் பற்றி நம்மிடையே பேச்செழும்போதெல்லாம் மற்றொரு வினாவும் உடன் எழுகிறது: அவர்கள் தமிழரா? ஊர் என்னும் அவர்தம் நகரின் பெயரைக் கேட்டவுடனே நம் சொல்லை நினையாத மாணவன் இல்லை. ஆயின் அந்நகரை அவர்கள் தம் மொழியிலே ஊரிம் என்றே வழங்கினர். நம் நாட்டுப் பேராசிரியர் ஆ. சதாசிவம் அவர்கள் சுமேரிய மொழி ஒரு திராவிட மொழியே என 1965இல் ஆங்கிலத்தில் நூலெழுதினார்கள். அவர்தம் உழைப்பை மதிக்கிறேன். எனினும் சுமேரிய மொழிக்கு உறவுடைய மொழி எதுவும் அறியப்படவில்லை என்பதே அத்துறை அறிஞரின் பொதுவான முடிவு. எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. அவர்கள் நம்மவரா என்று வினவி, ஆமெனில் பெருமை கொள்வதும் அன்றெனில் நூலை மூடிவிடுவதுமாக நாம் இருக்கிறோம். கூடை சுமந்த அந்த மனிதன் எவனுக்கும் மூதாதையாக இராவிட்டாலும் நம் கவனத்துக்கு உரியவன்.

வீடுகளுக்குள் வருவோம். போர்ச் செலவும் கடனும் குடிகளை எவ்வாறு நெரித்தன என்பதற்கு உருகாகினா என்னும் மன்னனின் சாசனம் சான்று. கி. மு. 2350 அளவிலே லகாஷில் ஆட்சிக்கு வந்த இவன், தனக்கு முன் நடந்த அநீதிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறான். படகு மேற்பார்வையாளன் படகைப் பற்றிக்கொண்டான்; மீன்பிடிக்கு ஒருவன், கழுதைக்கு ஒருவன், ஆட்டுக்கு ஒருவன். வெள்ளாட்டு மந்தையன்று, வெண்மயிர்ச் செம்மறியைக் கத்தரித்தாலும் வெள்ளி இறுக்க வேண்டும். தெய்வத்தின் எருதுகள் மன்னனுடைய வெங்காயத் தோட்டத்தை உழுதன. பிணத்தைப் புதைக்கச் சென்றால் ஏழு சாடி பார்லி மதுவும் 420 அப்பமும் பிறவும் கொடுத்தாக வேண்டும். இதனை மூன்று சாடியாகவும் 80 அப்பமாகவும் தான் குறைத்ததாக உருகாகினா பெருமையுடன் கூறுகிறான். குறைத்த பின்னும் 80 அப்பம்! ஏழையின் வீட்டை அயலிலுள்ள பெரியவன் விலைக்குக் கேட்டால், உடையவன் தனக்குத் தக்க விலையைக் கேட்கலாம். கொடாவிடில் அவனை அடிக்கக்கூடாது என்றும் விதித்தான். விதவையையும் அநாதையையும் வலியவன் கையில் ஒப்புவியேன் என்று நின்கிர்சுவோடு பொருத்தம் செய்துகொண்டான்.

இச்சாசனத்திலும், இதற்குச் சற்று முற்பட்ட என்மெத்தெனாவின் சாசனத்திலும் அமர்கி என்றொரு சொல் வருகிறது. கடனிலிருந்து விடுதலை என்பது வழக்குப் பொருள். சொற்பொருளோ தாயிடம் திரும்புதல். கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளை அடிமை கொடுத்த ஒரு நாட்டிலே, கடன் தள்ளப்பட்ட அன்று பிள்ளை வீட்டுக்கு வந்தது. விடுதலை என்ற கருத்துக்கு மனிதர் எழுத்திலே இட்ட முதற்பெயர் இது என்று பலர் கூறுவர். இச்சொல்லைக் கற்ற நாளிலிருந்து, விடுதலை என்னும் சொல்லைக் கேட்குந்தோறும் வாயிற்படியில் நிற்கும் ஒரு தாயின் உருவம் என் மனக்கண்முன் வருவதைத் தடுக்க முடியவில்லை.

ஆனால் உருகாகினாவை முழுவதும் நம்பிவிடவும் வேண்டாம். அவன் காலத்துக் கணக்கேடுகள் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் கிடைத்துள்ளன. மன்னன் மனைவியின் பண்ணைக் கணக்குகள் அவை. தெய்வங்களின் சொத்தைத் தெய்வங்களுக்கே திருப்பிக் கொடுத்தேன் என்று அவன் சொன்னான். கணக்கோ, முன்பு மனைவியின் இல்லம் என்றிருந்த பண்ணை பௌ தேவியின் இல்லம் என்று பெயர் மாறி, அவன் மனைவி சாசாவின் கையிலேயே மேலும் பெருத்ததைக் காட்டுகிறது. நெசவுப் பெண்களும் அவர்தம் பிள்ளைகளும் மாதந்தோறும் அளந்து பெற்ற பார்லி அங்கே எழுதப்பட்டிருக்கிறது. தோட்டத்துக்கு நீரிறைத்த ஒரு கூட்டத்தார்க்குக் கண் காணாதோர் என்று பொருள்படும் பெயர். அவர்கள் கண் பறிக்கப்பட்ட போர்க் கைதிகளா, தொழில் பழகாதவர்களா என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமைப்பாடில்லை. மற்றோரிடத்தில், பதவி இழந்த முன்னைய தலைவனின் மனைவி பரனம்தரா இறந்தபோது ஒப்பாரி வைத்தவர்க்கு வழங்கிய அப்பமும் மதுவும் கணக்கிடப்பட்டுள்ளன. பகையாளியின் மனைவியாயினும் அவளுக்கு உரிய மரியாதையை உருகாகினாவின் வீடு குறைக்கவில்லை. சாசனத்தினும் இக்கணக்கே அவனைப்பற்றி என்னிடம் நன்கு பேசுகிறது.

எட்டாண்டுகள் கழியுமுன்னே உம்மாவின் லூகல்சகேசி வந்தான். பல தலைமுறைப் பழியைத் தீர்த்துக்கொண்டான். இம்முறை வெற்றிக்கல் நாட்ட லகாஷில் எவருமில்லை. கிடைத்திருப்பது ஒரு சிறு களிமண் ஏடு; எழுதியவன் பெயரும் தெரியாது. எந்தெந்தக் கோயிலில் தீ வைத்தான், எங்கே வெள்ளியையும் நீலமணியையும் வாரினான், எங்கே இரத்தம் சிந்தினான், எந்த வயலின் பார்லியைப் பிடுங்கினான் என்று இடம் இடமாகச் சொல்லிப் போகிறான். அலங்காரம் ஒன்றுமில்லை. எரிந்த தெருவழியே ஒருவன் நடந்து எண்ணிக்கொண்டு வருவது போலிருக்கிறது. முடிவிலே, உருகாகினாவிடத்தில் குற்றமில்லை என்றும், லூகல்சகேசியின் பாவத்தை அவனுடைய தெய்வமாகிய நிசபா அவன் கழுத்திலே சுமத்துவாளாக என்றும் வேண்டி நிறுத்துகிறான்.

வெற்றி பெற்றவன் தெய்வத்தின் அருளாலே வென்றான் என்பதுதான் அதுவரை அவர்கள் கொண்டிருந்த கொள்கை. கழுகுக் கல்லின் வலை சொன்னது அதனையே. அக்கொள்கையின்படி பார்த்தால், தோற்ற லகாஷ் தெய்வத்தின் கோபத்துக்கு ஆளானது என்றுதான் எழுதியிருக்க வேண்டும். இவன் அவ்வாறு எழுதவில்லை. வென்றவன் குற்றவாளி, தோற்றவன் குற்றமற்றவன் என்று எழுதிவிட்டான். கையில் படையில்லாத ஒருவன், வெற்றியையும் நீதியையும் வெவ்வேறாகப் பிரித்து வைத்துவிட்டான். இதற்கு முற்பட்ட வேறொரு சான்றை நான் படித்ததில்லை. நிசபா தானியத்துக்கு மட்டுமன்றி எழுத்துக்கும் தேவி. எழுத்தாளன் ஒருவன் தன் பகைவனைத் தன் தொழிலின் தேவியிடமே முறையிட்டு ஒப்படைத்திருக்கிறான்.

லூகல்சகேசி சுமேர் நாடு முழுவதையும் வென்று பெரிய மன்னனாகச் சில காலம் விளங்கினான். பின்னர் அக்காத் நாட்டுச் சார்கோன் அவனைத் தோற்கடித்து, கழுத்திலே தளை மாட்டி, நிப்பூரில் என்லிலின் கோயில் வாயிலுக்கு இழுத்து வந்தான். கழுத்து என்ற சொல் ஏட்டிலும் இதிலும் ஒத்திருப்பதை வாசகர் கவனித்திருப்பர். சார்கோனின் எழுத்தர்கள் லகாஷின் ஏட்டை அறிந்திருக்கக் காரணமில்லை.

சண்டையிட்ட இரு நகரங்களும் மண்மேடுகளாயின. 2003ஆம் ஆண்டுப் போரின்பின் உம்மாவின் மேட்டைத் திருடர் குழி குழியாகத் தோண்டிச் சூறையாடினர். கிர்சுவில் 2016 முதல் பிரித்தானிய நூதனசாலையாரும் ஈராக்கியரும் சேர்ந்து முறையாக அகழ்ந்து வருகின்றனர். பாக்தாத் நூதனசாலையிலிருந்த என்மெத்தெனாவின் கருங்கற்சிலையும் 2003 ஏப்ரல் மாதத்திலே கொள்ளை போயிற்று. நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட அச்சிலை 2006இல் அமெரிக்காவில் மீட்கப்பட்டு, 2010இல் ஈராக்குக்குத் திரும்பியது. அதற்குத் தலை இல்லை. பண்டைக் காலத்திலேயே போய்விட்டது. உடலிலே பொறித்த எழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. வாய்க்காலை அடுத்த சில வயல்களை, இவ்வளவு பரப்பென்று அளந்து, என்லிலின் கோயிலுக்கு அவன் கொடுத்த செய்தி அது.